மழை போட்ட தீவுகள்

கருங்குழி என்றதும் பலர் வள்ளலாரைத்தான் கேட்பார்கள். தண்ணீரில் விளக்கெரிந்ததாகச் சொல்லப்படும் கருங்குழி வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் புறப்பட்டது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியிலிருந்து. பாலாற்றைத் தாண்டி மதுராந்தகத்தை நெருங்கும்போது நெடுஞ்சாலையில் வந்து போகிற பேரூராட்சி அது. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் தூக்கத்தில் இருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில ஆண்டுகள் செங்கல்பட்டு ஜில்லாவுக்கே தலைமையிடம் இந்த ஊர்தான் என்று சொன்னால் இங்குள்ள டீக்கடையிலேயே நம்ப மாட்டார்கள்.

இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1759 டிசம்பரில் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அடுத்த மாதம் வந்தவாசிப் போர். அதில் வென்ற கையோடு அவருடைய படை கடற்கரைப் பக்கம் இறங்கி ஆலம்பரைக் கோட்டையையும் எடுத்துக்கொண்டது. பிறகு ஹைதர் அலியின் ஆட்கள் கைக்குக் கருங்குழி போய், 1781 ஜனவரியில் மறுபடி ஆங்கிலக் கும்பினி வசம் வந்தது. இத்தனை பேர் அடித்துக்கொண்ட இடத்தில் இன்று பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை. கருங்குழியில் தொடங்கி ஆலம்பரையில் முடிகிற அந்தப் பாதை மட்டும் எனக்குப் பிடித்துப்போயிற்று. கூட் கோட்டை பிடிக்கப் போனார். நான் தீவு பார்க்கப் போனேன்.

செங்கல்பட்டுக் கரையில் தீவா என்று கேட்பவர்கள் தை மாதத்தில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஏரியெல்லாம் கலங்கல் தொட்டு நிற்கும் நேரம். அப்போது இந்த மாவட்டமே தண்ணீருக்கு நடுவே நடுவே நிலத்தை வைத்ததுபோல் இருக்கும்.

கிழக்கே போக வேண்டியவன் முதலில் மேற்கே வேடந்தாங்கலுக்குப் போனேன். அங்கேயும் தீவுகள்தான், ஆனால் மண் இல்லாத தீவுகள். ஏரிக்குள் மூழ்கி நிற்கும் கடப்ப மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு தலையிலும் ஒரு ஊர். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. பறவை ஏன் தண்ணீருக்கு நடுவில் கூடு கட்டுகிறது என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம். நரியும் பூனையும் பாம்பும் அவ்வளவு சுலபமாக வர முடியாது. தீவின் முதல் பயன் பாதுகாப்பு. மனிதர்கள் தீவுகளுக்குப் போய்க் கோட்டையும் மடமும் கட்டியதற்கும் காரணம் அதுவே.

பறவைகளைச் சுட்டுத் தள்ளும் துரைமார்களைத் தடுக்கச் சொல்லி வேடந்தாங்கல்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் நின்று எழுத்தில் உரிமை வாங்கினார்கள். சரணாலயம் என்ற அரசு அறிவிப்பு வந்தது 1936-ல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். புகழ்ச்சியில் தப்பில்லை, அதில் ஒரு விவசாயியின் கணக்கும் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் அவர்கள் மேல் மரியாதை கூடத்தான் செய்யும். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

அதே பிளேஸ் துரைதான் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையிலும் வருகிறார். அடைமழை இரவில் ஏரிக்கரை உடையாமல் இரண்டு வில்லாளிகள் காவல் நின்றதை அவர் கண்டதாகவும், நன்றிக்குத் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்ததாகவும் கதை. நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கரைமேல் நின்று பார்த்தால், இந்த ஊரில் தெய்வத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஏன் கரைக்காவல் என்பது புரிந்துவிடும்.

மதுராந்தகத்திலிருந்து கிழக்கே திரும்பினால் ஏரிகள் குறைந்து பனைகள் கூடுகின்றன. செய்யூரை நெருங்கும்போது மண் வெளுக்கிறது. வயலுக்குப் பதில் உப்பளப் பாத்திகள். தையில் உப்பளம் தூங்கி எழுகிற நேரம்: மழையில் கரைந்த வரப்புகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். உப்பு வாரும் மரப்பலகைகள் கொட்டகை ஓரமாகச் சாத்திக் கிடந்தன. இன்னும் சில வாரம் வெயில் அடித்தால்தான் அவற்றுக்கு வேலை.

இந்தச் செய்யூரில்தான் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று வருவதாக இருந்தது. நிலக்கரி இறக்கப் பனையூரில் ஒரு துறைமுகமும் திட்டத்தில் உண்டு. விவசாயிகளும் மீனவர்களும் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். ஒப்பந்தப்புள்ளி நிலையிலேயே இழுபட்டு, நிலையம் எழவில்லை. எழுந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அடுத்து வரும் பக்கங்களுக்கு இடமிருந்திருக்காது.

முதலியார்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓதியூர்க் கழியின் ஓரத்தைத் தொடுகிறது. இங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. படகு ஏறினால் கழியைக் கடந்து அக்கரை மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். முன்னால் கழி, பின்னால் வங்காள விரிகுடா, நடுவில் சவுக்கும் அடம்பங்கொடியும் படர்ந்த மணல். சுற்றுலாக்காரர்கள் இதைத் தீவு என்கிறார்கள். மீனவர்கள் திட்டு என்கிறார்கள். இரண்டுமே சரி, மாதத்தைப் பொறுத்து.

பிரிட்டனைச் சுற்றியுள்ள சிறு தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு அங்கே சொல்லப்படும் முதல் அறிவுரை, ஓத அட்டவணையைப் பார் என்பது. வடகிழக்கு இங்கிலாந்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு தீவு. 7ஆம் நூற்றாண்டில் எய்டன் என்ற துறவி மடம் கட்டிய புனிதத் தீவு. 793-ல் வைக்கிங்குகள் சூறையாடியதும் இதைத்தான். கரையிலிருந்து அதற்குத் தார்ச்சாலை உண்டு, ஆனால் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி அந்தச் சாலையை மூடிவிடும். எப்போது கடக்கலாம், எப்போது கூடாது என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிடுகிறார்கள். அப்படியும் ஆண்டுதோறும் யாராவது காரோடு மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் ஏறி உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கவென்றே சாலையோரம் உயரக் கால்கள் வைத்த ஒரு மரக்கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். கார்ன்வாலில் உள்ள செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டுக்கும் இதே கதை: வற்றத்தில் கல்பாவிய பாதை, பெருக்கில் படகு.

நம் பக்கம் அப்படி இல்லை. சென்னைக் கரையில் பெரிய ஓதத்திலும் கடல் ஒரு மீட்டரை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஜெர்சித் தீவில் அது பன்னிரண்டு மீட்டர் வரை போகும். ஆகவே அங்கே நிலா தீவை உண்டாக்கி அழிக்கிறது, நாளுக்கு இரண்டு முறை. இங்கே அந்த வேலையை மழை செய்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் கழியை நிறைத்து, மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும்போது முகத்துவாரம் திறக்கிறது. உடைந்த திட்டு தீவாகிறது. தை, மாசி தாண்டி வெள்ளத்தின் வேகம் குறைந்து, தெற்கிலிருந்து காற்று வீச ஆரம்பித்ததும் அலை வடக்கு நோக்கி மணலைத் தள்ளிக்கொண்டு போகிறது. முகத்துவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து, கோடையில் பெரும்பாலும் அடைந்துபோகும். தீவு மறுபடி கரையோடு சேர்ந்துகொள்ளும்.

இதற்கு அட்டவணை கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கழியோரம் வலையில் பாசி பிய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“மொகம் தொறந்திருக்கா அண்ணே?”

“தொறந்துதான் கெடக்கு. ஆனா அந்தாண்ட எறங்கிடாத சார். பாக்க மொழங்கால் தண்ணியாட்டம் இருக்கும். தண்ணி வடியற நேரத்துல இழுத்துக்கினு பூடும்.”

“எப்ப அடைக்கும்?”

“தெக்கத்திக் காத்து எடுத்தா மண்ணு வந்து அடைச்சிக்கும். சித்திரைல வா, நடந்தே போலாம்.”

இந்தக் கரைக்கு இதைவிட நல்ல பயணக் குறிப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோடையில் நடந்து போகும் அதே இடத்தில் மார்கழியில் ஆள் போய்விடுவான். மேலே பார்த்தால் தண்ணீர் அசையாததுபோல் இருக்கும். அடியில் கழி முழுக்க அந்த ஒரு வாய் வழியாகக் கடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. படகில் உயிர்காப்புச் சட்டை கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கழற்றாதீர்கள்.

படகுத்துறையிலிருந்து சற்றுத் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஒவ்வொருவர் வாயிலும் ஓலையில் முடைந்த ஒரு பறி. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் அடிச்சேற்றைத் தடவியபடி போகின்றன. திடீரென்று ஒரு கை வெளியே வந்து, துள்ளும் இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போகும். பேச முடியாது, வாயில் பறி. கரையேறிய பிறகு ஒரு பாட்டியிடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “காலு சொல்லும்பா, கை எடுக்கும்” என்றார். சேற்றில் கால் பதிந்த குழியில் இறால் வந்து ஒண்டிக்கொள்ளுமாம். பறியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு கைப்பிடி இறால், கண்ணாடிபோல் உடல், மீசை மட்டும் சிவப்பாக. கை இரண்டிலும் முள் குத்திய தழும்புகள் நகக்கண் வரை ஏறியிருந்தன. சென்னைக் கடற்கரையோரக் கழிகள் பலவற்றில் இருளர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில் இது. கழியில் சேறு நஞ்சாகிவிட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் இவர்கள்தான். படகு வைத்திருப்பவராவது கடலுக்குப் போய்விடலாம்.

திட்டில் இறங்கியதும் எல்லோரும் நேரே கடலைப் பார்த்து ஓடுகிறார்கள். நான் கழிப் பக்கமே நின்றேன். தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைக் கூட்டம் ஒன்று தலைகீழாக அலகை அலசிக்கொண்டிருந்தது. பக்கத்து மணலில் உப்புக்கொத்தி ஒன்று ஓடுவதும் நிற்பதுமாக என்னை எங்கோ கூட்டிப்போகப் பார்த்தது. அது அப்படி ஓடினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்பதும் வெறும் குழி. மணல் நிறத்தில் இரண்டு மூன்று முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். ஆகவே பறவை பதறினால் வந்த வழியே திரும்புங்கள்.

தை முதல் பங்குனி வரை இந்தக் கரை முழுக்கப் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். இரவு தங்க நினைப்பவர்கள் கடலைப் பார்த்து விளக்கடிக்கக் கூடாது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும். குஞ்சுகள் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவை இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியவை. அந்தக் குற்றத்தில் சுற்றுலாப் பயணிக்குப் பங்கில்லை. விளக்கு விஷயம் மட்டும் நம் கையில் இருக்கிறது.

சாலை தெற்கே போகப் போக ஒரு நீர்க்கோடு கூடவே வருகிறது. பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் பேசில் காக்ரேன் வெட்டியதில் தொடங்கி, வடக்கே ஆந்திரம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டிய மண்ணும் இதில் உண்டு. அந்தச் சமயத்தில் ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு விழுந்தது. வெட்டியவர்கள் பெயர் எதற்கும் விழவில்லை. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் இதன் வழியேதான் பட்டணம் போயின. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கால்வாய் மேற்கே, கடல் கிழக்கே, நடுநடுவே முகத்துவாரங்கள்: கோவளத்திலிருந்து மரக்காணம் வரை கடற்கரைக் குப்பங்கள் பலவும் ஒருவகையில் தீவில்தான் இருக்கின்றன. பாலம் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. புயலில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகும் அன்று குப்பத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஓதியூர் தாண்டினால் இடைக்கழிநாடு. இன்று பேரூராட்சி. தென்னையும் மாவும் சவுக்கும் நிறைந்த மணல்காடு. சங்க இலக்கியம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்வார்கள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழி சொல்வதாக 269 அடிகளில் ஒரு பாட்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்கிறான். எந்த வழியாக, எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லிப்போகிறான். கடற்கரையில் எயிற்பட்டினம், அங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல் மீனும். கரையொதுங்கிய அகில் கட்டைகள் படுத்த ஒட்டகம்போல் கிடக்கும் என்று அடையாளம் வேறு. பிறகு வேலூர், ஆமூர், கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது பெரும்பாலோர் கருத்து. கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது.

உலகத்துப் பயணக் கையேடுகள் எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்கின்றன. நம் ஆற்றுப்படை, யார் வீட்டில் சோறு போடுவார்கள் என்பதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் உருப்படியான குறிப்பாகப் படுகிறது. கடப்பாக்கத்தில் மதியம் ஒரு வீட்டுத் திண்ணைக் கடையில் மடவை மீன் குழம்பும், கழி நண்டு வறுவலும் சாப்பிட்டேன். கடை என்று பலகை கிடையாது. மீன் இறங்கினால் கடை, இல்லாவிட்டால் வீடு. மீனவக் குப்பத்தில் சாப்பிட நினைப்பவர்கள் காலையிலேயே போய்ச் சொல்லிவைப்பது நல்லது. கேட்ட மீனைக் கேட்காமல், வந்த மீனைச் சாப்பிடுவது அதைவிட நல்லது.

கடப்பாக்கத்திலிருந்து ஆலம்பரை கூப்பிடு தூரம். கழியும் கடலும் சேரும் முனையில் இடிந்த கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்தது. 1735-ல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் வசம் இருந்தது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அன்பளிப்பாகப் போனது. 1760-ல் கூட் பிடித்த பிறகு இடிக்கப்பட்டது. இங்கே நாணயச் சாலை நடந்தது. கப்பல்துறையும் இருந்தது. உப்பும் துணியும் நெய்யும் ஏறிப் போயின. சுவரின் உடைந்த முகத்தில் கையை வைத்துப் பார்த்தேன். செங்கல் ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிமன்தான் இருக்கும். நடுவே அதைவிடத் தடிப்பாகச் சுண்ணாம்புச் சாந்து, அதற்குள் முழுதாக அரைபடாத கிளிஞ்சல் துணுக்குகள். கழியில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டுச் சாந்தாக்கி, அதே கழியைக் காவல் காக்கச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 2004 சுனாமியில் மேலும் ஒரு பகுதி போயிற்று. ஒரு கொத்தளம் அப்படியே சாய்ந்து மணலில் கிடக்கிறது. மேலே ஏறிப் படம் எடுக்கிறார்கள். ஏறாதீர்கள்; காரைக்குள் காற்றும் உப்பும் புகுந்து உளுத்துப்போயிருக்கிறது.

கோட்டைக்குக் கீழே மீனவர்கள் படகில் அக்கரை மணலுக்குக் கூட்டிப்போகிறார்கள். போனேன். இந்தத் திட்டு முதலியார்குப்பத்துத் திட்டைவிட ஒடுக்கமானது. ஒரு பக்கம் அலை உடைவது கேட்கிறது, மறுபக்கம் கழி பேசாமல் கிடக்கிறது. சவுக்கு வேர்கள் வெளியே தெரிய மணல் அரித்திருந்தது. தீவு என்பது நிலையான பொருள் அல்ல என்பதைத் தமிழ்நாட்டில் நாம் மற்றவர்களைவிட நன்றாகவே அறிவோம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பில்லாமல் போனது முக்கியக் காரணம். அங்கே காரணம் மனிதன், போன தீவு திரும்பாது. இங்கே போகிற மணல் அடுத்த மழைக்கு வேறோரிடத்தில் வந்து சேரும், நாம் முகத்துவாரத்தில் கல் கொட்டாமல் இருந்தால். துறைமுகத்துக்கும் தூண்டில் வளைவுக்கும் கல் கொட்டிய இடங்களில் எல்லாம் தெற்கே மணல் சேர்ந்து வடக்கே கரை அரித்ததைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் பார்த்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். தை, மாசிதான் காலம்; பறவையும் தண்ணீரும் அப்போதுதான் சேர்ந்து கிடைக்கும். காலை முதல் படகில் போங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், திட்டில் நிழல் அதிகம் கிடையாது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. கொண்டுபோன புட்டியைக் காலியானாலும் கையில் கொண்டுவந்து சேருங்கள், அங்கே குப்பை வண்டி வராது. முகத்துவாரம் பக்கம் இறங்குவதற்கு முன் கரையில் வலையோடு இருப்பவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.